எது பிந்துகிறதோ அப்போது

1

இந்தக் கதை ஒரு தண்ணீர் வடிகட்டியில் தொடங்குகிறது. அதைச் சொல்லாமல் எப்படியாவது ஒப்பேற்றிவிடலாமா என்று நாலு நாள் பார்த்தேன். பார்த்த லட்சணத்தை நீங்களும் பாருங்கள்.

*அச்சுக் கோப்பவர் அன்று ஏதோ மனக்கவலையில் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஒரு சொல்லை அவர்*

பொய். அச்சுக் கோப்பவர் என்று யாருமே இல்லை. நான் அனுப்பிய கோப்பை அப்படியே அச்சடித்தார்கள். அடுத்தது:

*சிவப்பு நிறப் பந்தயக் கார் ஒன்று மலைப்பாதையில் சீறிக்கொண்டு*

சீறவில்லை. ஷெட்டில் நின்றுகொண்டிருந்தது. நிறமும் சிவப்பில்லை, பிஸ்தாப் பச்சை. சிவப்பு என்றால் உங்களுக்குப் பிடிக்குமே என்று எழுதினேன்.

சரி, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் கதை எழுதுகிறவள். மூன்று தொகுப்புகள் வந்திருக்கின்றன. அவற்றைப் படித்தவர்களை ஒரே வேனில் ஏற்றிவிடலாம். பிழைப்புக்குச் செய்வது மொழிபெயர்ப்பு: இஸ்திரிப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், மின்விசிறி ஆகியவற்றோடு பெட்டிக்குள் வருமே, அந்தக் கையேடுகள். 'ஈரக் கையால் தொடாதீர்கள்' என்ற வாக்கியத்தை இதுவரை நாற்பது தடவையாவது எழுதியிருப்பேன்.

ஆறு வருடங்களுக்கு முன்னால், பழைய அயல்நாட்டு ஸ்போர்ட்ஸ் கார்களை வரவழைத்து விற்கும் நிறுவனம் ஒன்று என்னிடம் ஒரு பராமரிப்புக் கையேட்டைக் கொடுத்தது. பதினாறு பக்கம். இவ்வளவு விலை கொடுத்து கார் வாங்குகிறவர்கள் இதை நம் மொழியில் படிக்கவா போகிறார்கள் என்று கேட்டேன். "படிக்க மாட்டாங்க. ஆனா குடுக்கணும்னு விதி இருக்கு" என்றார்கள். அந்த பதில்தான் என்னைக் கெடுத்தது.

ஒன்பதாம் பக்கத்தில் டைமிங் பெல்ட். 'மூன்று ஆண்டுகள் அல்லது முப்பதாயிரம் கிலோமீட்டர், இவற்றில் எது முந்துகிறதோ அப்போது மாற்ற வேண்டும்' என்று நான் எழுதியிருக்க வேண்டும். ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் தண்ணீர் வடிகட்டி ஒன்றுக்கு எழுதியிருந்தேன். அந்த உத்தரவாதம் ஓர் ஆண்டு அல்லது ஆயிரம் லிட்டர், எது பிந்துகிறதோ அதுவரை. தாராள மனசுக்காரர்கள். வாக்கியம் கச்சிதமாக இருந்தது. எடுத்து ஒட்டினேன், எண்களை மாற்றினேன், 'அதுவரை'யை 'அப்போது' ஆக்கினேன். 'பிந்துகிறதோ' அப்படியே நின்றுவிட்டது.

(இதைக் கவனக்குறைவு என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். யாரும் படிக்க மாட்டார்கள் என்று தெரிந்தே எழுதியதற்குப் பெயர் கவனக்குறைவு இல்லை.)

2

போன் வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. நான் வேறொரு கதையின் நடுவில் இருந்தேன். அந்தக் கதை இன்னமும் அங்கேயேதான் இருக்கிறது.

"நீங்கதானே அந்த கார் புஸ்தகம் எழுதினது?" பெண் குரல். பின்னால் இரும்பைத் தட்டும் சத்தம்.

முன்பின் தெரியாத ஒருவர் என் எழுத்தைப் பற்றிப் பேசக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. "ஆமாங்க. படிச்சீங்களா?" என்றேன். குரலில் கொஞ்சம் குழைவுகூட இருந்தது.

"நான் எதுக்குப் படிக்கிறேன்? எனக்கு வேலை தெரியும். படிச்சவர் ஒருத்தர் என் உயிரை வாங்கிட்டிருக்கார்."

இவர்தான் மாஸ்டரம்மா. இந்த மாதிரி கார்களைப் பிரித்துப் போட்டு மறுபடி மாட்டத் தெரிந்தவர்கள் சுற்றுவட்டாரத்தில் இரண்டே பேர். இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்ததும் இவர்தான். ஐம்பத்தைந்து வயது, பருத்த உடம்பு, காதில் எப்போதும் ஒரு பென்சில். அந்த நிறுவனத்திடம் சண்டை போட்டு என் எண்ணை வாங்கியிருந்தார்.

விஷயம் இதுதான். அவருடைய வாடிக்கையாளர்கள், வயதான ஒரு தம்பதி, அந்த ஞாயிற்றுக்கிழமை காரில் தூரப் பயணம் போவதாக இருந்தார்கள். மாஸ்டரம்மா பதிவேட்டைப் பார்த்திருக்கிறார். பெல்ட் மாற்றி ஐந்து வருடம் மூன்று மாதம். வண்டியை உடனே கொண்டுவாருங்கள் என்று சொன்னதற்கு, வீட்டுக்காரர் என் கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தைப் போனிலேயே நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினாராம். ஓடியது பதினோராயிரம்தான், முப்பதாயிரம் ஆக இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது என்றாராம்.

"அது அறுந்தா என்னங்க ஆகும்?" என்று கேட்டேன்.

"அது என்னன்னே தெரியாமலா எழுதினீங்க?"

பிறகு அவரே சொன்னார்: "இன்ஜினுக்குள்ள மேல கொஞ்சம் சாமான் ஆடுது, கீழ கொஞ்சம் சாமான் ஆடுது. ரெண்டும் ஒரே இடத்துக்குத்தான் வரும், ஆனா ஒரே நேரத்துல வராது. ஒண்ணு வந்துட்டுப் போனப்புறம்தான் இன்னொண்ணு. அந்த நேரத்தைப் பிடிச்சு வெச்சிருக்கறது பல்லு வெச்ச ஒரு ரப்பர் பட்டி. அறுந்தா ரெண்டும் நேருக்கு நேரா இடிச்சுக்கும். அப்புறம் அது இன்ஜின் இல்ல, பழைய இரும்பு. ஓடினா தேயும், சும்மா நின்னா காயும். அதனாலதான் வருஷக் கணக்கு ஒண்ணு, கிலோமீட்டர் கணக்கு ஒண்ணு. எது முன்னாடி வருதோ அப்ப மாத்தணும். அவர் நான் சொன்னா கேக்க மாட்டேங்கறார். எழுத்துல இருக்குங்கறார். எழுதினவங்களே வந்து சொல்லுங்க. நாளைக்குப் பதினோரு மணி."

3

அந்த வீட்டைப் பற்றி ஒரு பத்தி எழுதி, அழகாக இருந்ததால் எடுத்துவிட்டேன். மிச்சம்: கீழே ஷெட், மேலே கூடம். கூடத்துச் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரு பட்டன் ஒட்டியிருந்தது. வீட்டுக்காரர் பட்டன் தொழிற்சாலை நடத்தி, விற்றுவிட்டு ஓய்வாக இருப்பவர். மாஸ்டரம்மா 'பட்டன் சார்' என்றுதான் சொல்வார். நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். அறுபத்தெட்டு வயது. சட்டையின் மேல் பட்டனும் போட்டிருந்தார்.

என் கையேட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பதினாறு பக்கத்திலும் ஸ்கேல் வைத்துப் பென்சிலால் அடிக்கோடு. ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் பொடி எழுத்தில் தேதி. ஆறாம் பக்கத்தில் ஒரு சந்திப்பிழையைத் திருத்தியிருந்தார்.

"நீங்கதான் எழுதினதா? ரொம்ப சந்தோஷம். தெளிவான நடை" என்றார்.

என்னை நம்புங்கள், அந்த நிமிடம் நான் வந்த வேலையை மறந்தேன். நான் காலமெல்லாம் தேடின வாசகர் இவர்தான். என்ன, படித்தது கிரீஸ் அடிப்பதைப் பற்றி. மாஸ்டரம்மா என் முழங்கையில் இடித்தார்.

"சார், ஒன்பதாம் பக்கத்துல தப்பு பண்ணிட்டேன். 'பிந்துகிறதோ' இல்ல. 'முந்துகிறதோ'ன்னு இருக்கணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எப்படி நம்பறது?"

"நான்தானே சார் எழுதினேன்!"

"அதான் கேக்கறேன். அன்னிக்கு நிதானமா உக்காந்து யோசிச்சு எழுதியிருப்பீங்க. இன்னிக்கு இவங்க மிரட்டிக் கூட்டிட்டு வந்திருக்காங்க. நான் எதை எடுத்துக்கறது? அச்சுல இருக்கறதையா, வாயில வர்றதையா?"

"யோசிச்சு எழுதல சார். வேற புஸ்தகத்துலேர்ந்து எடுத்து ஒட்டினேன்."

"எந்தப் புஸ்தகம்?"

"தண்ணி வடிகட்டி."

மாஸ்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். பட்டன் சார் அசரவில்லை. "ஒட்டினாலும் இடம் பொருத்தமாத்தான் இருக்கு. பதினோராம் பக்கம் பாருங்க, 'உதிரிபாகங்களை அவசரப்பட்டு மாற்ற வேண்டாம்'னு நீங்களே எழுதியிருக்கீங்க. ரெண்டும் ஒத்துப் போகுது."

(என் கதைகளுக்கு யாராவது இப்படி வாதாடியிருந்தால் நான் இந்நேரம் வேறு ஆளாக இருந்திருப்பேன். இங்கே என் வாக்கியத்துக்காக அவர் நின்றார். அதை எதிர்த்து நான் நின்றேன். வாதத்தில் அவர்தான் ஜெயித்துக்கொண்டிருந்தார்.)

4

அப்போதுதான் அவர் மனைவி கீழேயிருந்து படியேறி வந்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, படி ஒவ்வொன்றையும் காலால் தொட்டுப் பார்த்து ஏறினார். அதை நான் கவனித்தேன், ஆனால் ஒன்றும் நினைக்கவில்லை.

கார் இவருக்காக வாங்கியது. முப்பது வருடம் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்தவர். அதனால் 'டீச்சர்'. முப்பது வருடமும் பயணி இருக்கையில், காலடியில் ஒரு தனி பிரேக்கோடு, இருபது கிலோமீட்டர் வேகத்தில், மற்றவர்கள் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திணறுவதைப் பார்த்துக்கொண்டு. தொழிற்சாலையை விற்ற அன்று பட்டன் சார் கேட்டாராம்: "உனக்கு என்ன வேணும்?" "யாரும் பக்கத்துல கத்தாம, வேகமா ஒரு வண்டி ஓட்டணும்." பட்டன் சாருக்கு ஓட்டத் தெரியாது. டீச்சரே அவரை மூன்று முறை ஃபெயில் பண்ணியிருக்கிறார்.

விஷயத்தைக் கேட்டதும் டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். "ரெண்டு வருஷமா பெல்ட்டை மாத்தலாம்னு கரடியா கத்தறேன். ஒவ்வொரு தடவையும் இந்தப் புஸ்தகத்தை எடுத்துட்டு வந்து என் வாயை அடைச்சாரு. அப்ப நான் சொன்னதுதான் சரி!" என்னைப் பார்த்து, "உனக்கு ரொம்ப நல்ல மனசும்மா, நேர்ல வந்து சொன்னியே" என்றார்.

மாஸ்டரம்மா எழுந்தார். "அப்ப நாளைக்கு வண்டியை அனுப்புங்க."

"எவ்வளவு நாள் ஆகும்?" என்று கேட்டார் பட்டன் சார்.

"இன்ஜினையே வெளிய இறக்கணும். பெல்ட் கப்பல்ல வரணும். ரெண்டு மாசம்."

"முடியாது."

"ஏன் சார்?"

அவர் கையேட்டை மூடினார். டீச்சர்தான் சொன்னார், நாளைக்குத் துணி துவைக்கணும் என்பது மாதிரி சாதாரணமாக: "எனக்குப் பக்கப் பார்வை குறைஞ்சுட்டு வருது. நேரா நல்லாத் தெரியும், பொடி எழுத்துக்குத்தான் கிட்டக் கொண்டுபோகணும். இப்போதைக்கு ஓட்டலாம், பகல்ல மட்டும்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்கார். நாலு மாசத்துல லைசென்ஸ் புதுப்பிக்கணும், பரிசோதனை இருக்கு. அதுல தேற மாட்டேன்னுதான் அவரும் நினைக்கிறார், நானும் நினைக்கிறேன்."

(இங்கே டீச்சர் அழுததாக முதலில் எழுதியிருந்தேன். எழுதியதை வாசித்துக் காட்டியபோது "நான் எங்க அழுதேன்? அடி அதை" என்றார். அடித்துவிட்டேன்.)

நாலு மாதத்தில் இரண்டு மாதம் வண்டி பட்டறையில். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாஸ்டரம்மாவுக்கு வேறொன்று உறைத்திருந்தது.

"சார், வண்டியோட கம்பெனி மூலப் புஸ்தகமும் குடுத்திருப்பாங்களே. அதைப் பாத்தீங்களா?"

பட்டன் சார் மேல் பட்டனைத் தொட்டுக்கொண்டார். டீச்சர் அலமாரிக்குப் போய், விரலால் தடவிப் பார்த்து, தடித்த ஒரு புத்தகத்தை எடுத்தார். புரட்டினார். பெல்ட் பக்கம். அதில் 'எது முந்துகிறதோ' என்ற பொருளில்தான் இருந்தது; அந்த வாக்கியத்துக்குக் கீழேயும், ஸ்கேல் வைத்து, பென்சில் கோடு. கோட்டின் முடிவில் தேதி. போன வருடத் தேதி.

புத்தகத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார். "இது கண் டாக்டரைப் பாத்துட்டு வந்த மறுநாள்."

"ஆமா."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"அதுக்கு முன்னாடி வரைக்கும் இந்தப் பொண்ணு எழுதினதைத்தான் நம்பினேன். சத்தியமா. அன்னிக்குத்தான் ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்தேன். தப்புன்னு தெரிஞ்சுது." என் பக்கம் திரும்பினார். "தெரிஞ்சப்புறம்தான் எனக்கு அந்த வரி தேவைப்பட்டுச்சு."

இதற்கு என்ன எழுதுவது என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை. கட்டுரையாளராக இருந்தால் பிரதியும் வாசகனும் என்று ஒரு பத்தி நீட்டலாம். டீச்சர் நீட்டவில்லை.

"எனக்கு ஓட்டணும்தான். ஆனா நடு ரோட்டில இன்ஜின் பிடிச்சு நின்னா, பின்னாடி வர்ற லாரிக்காரன் என்ன பண்ணுவான்? அவனுக்கு வீடு வாசல் இல்லையா? முப்பது வருஷம் நான் என்ன சொல்லிக்குடுத்தேன்? ஒரு வருஷமா இதைத் தெரிஞ்சு வெச்சுட்டு என் பக்கத்துலயே உக்காந்து வந்திருக்கீங்க."

"உன் பக்கத்துலதானே உக்காந்து வந்தேன்" என்றார் அவர், மிக மெதுவாக.

"அது ஒரு பதிலா?"

டீச்சர் சாவியை எடுத்து மாஸ்டரம்மா கையில் வைத்தார். "நாளைக்கு வேண்டாம். இன்னிக்கே எடுத்துட்டுப் போங்க."

5

இந்த இடத்தில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். கதாசிரியராக நான் டீச்சரைச் சந்தேகித்தேன். யாராவது இப்படி உடனே சாவியைக் கொடுப்பார்களா? ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரே ஒரு தடவை போய்வந்துவிட்டுக் கொடுப்பதாக வேறொரு வரைவு எழுதினேன். அதில் நல்ல பரபரப்பு இருந்தது. ஆனால் அவர் அப்படிச் செய்யவில்லை. அன்று மதியம் இழுவை வண்டி வந்தது. பிஸ்தாப் பச்சை கார் பின்பக்கமாகத் தெருமுனை திரும்புவதை அவர் நேராக நின்று பார்த்தார்.

நான் வீட்டுக்குப் போய்ப் பிழைதிருத்தச் சீட்டு ஒன்று அடித்தேன். இரண்டே வரி. அந்த நிறுவனம் விற்றது மொத்தம் பதினோரு கார். மிச்சம் பத்துப் பேர் வீட்டுக்கும் நானே போனேன். எட்டுப் பேருக்கு அப்படி ஒரு புத்தகம் இருப்பதே தெரியாது. ஒருவர் வீட்டில் அது ஆடும் மேசையின் காலுக்கடியில் இருந்தது; எடுத்தால் மேசை ஆடும் என்றார்கள், சீட்டையும் அங்கேயே செருகிவிட்டு வந்தேன். பத்தாமவர் காரை விற்றுவிட்டுப் படகு வாங்கியிருந்தார். எல்லாரும் பெல்ட்டை மாஸ்டரம்மா சொன்னபடி மாற்றியிருந்தார்கள். படிக்காதவர்கள் தப்பித்தார்கள்.

(இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.)

பிறகு நேரே பட்டறைக்குப் போய், நான் செய்ய ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். மாஸ்டரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஸ்பேனர் பிடிச்சிருக்கீங்களா?" இல்லை. "எழுதத் தெரியுமில்ல? கடுதாசி எழுதுங்க. உலகத்துல எங்கயாவது ஒரு பட்டறையில இந்த பெல்ட் கைவசம் இருக்கும். விமானத்துல அனுப்பச் சொல்லுங்க."

முதல் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். கண் பார்வை, கணவன், மனைவி எல்லாம் வந்தது. மாஸ்டரம்மா காதிலிருந்த பென்சிலை எடுத்தார்.

"ரைட்டர், கதை எழுதாதீங்க. பார்ட் நம்பர் போடுங்க. செஞ்ச தேதி என்னன்னு கேளுங்க. அலமாரியில நாலு வருஷம் கிடந்ததை அனுப்பிடப் போறான்."

மூன்று வரியாகக் குறைத்தோம். பதினாலு பட்டறைகளுக்கு அனுப்பினேன். ஐந்தாம் நாள் ஏதோ ஒரு துறைமுக ஊரிலிருந்து பதில் வந்தது: பெல்ட் இருக்கிறது, செய்து எட்டு மாதம். என் எழுத்துக்குக் கிடைத்த பதில்களில் இவ்வளவு நல்ல பதில் இதுவரை வந்ததில்லை.

6

டீச்சர் தினமும் பட்டறைக்கு வந்தார். பட்டன் சாரும் வந்தார். ஒரே பேருந்து, வேறு வேறு இருக்கை. ஐந்து நாள் டீச்சர் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னிடம் பேசினார், மாஸ்டரம்மாவிடம் பேசினார், சங்கிலியில் தொங்கிய இன்ஜினிடம்கூட ஏதோ முணுமுணுத்தார். பட்டன் சார் வாசலோரமாக நின்றுகொண்டிருந்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் மாஸ்டரம்மா கழற்றிய போல்ட்டுகளை ஒரு தட்டில் கொட்டிக்கொண்டிருந்தார். பட்டன் சாரால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. "இப்படிக் கலந்து போட்டா எது எங்கேருந்து வந்துதுன்னு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியும். போல்ட்டுக்குத் தெரியுமா?"

மறுநாள் வீட்டுச் சுவரிலிருந்து இழுப்பறைகளை உருவி, இரண்டு பையில் சுமந்துகொண்டு வந்தார். உட்கார்ந்து நூற்றுப் பன்னிரண்டு போல்ட்டுகளையும் அளந்து, துடைத்து, பிரித்து வைத்து, சீட்டு எழுதி ஒட்டினார். எழுத்து மிகப் பொடி. டீச்சர் ஓர் இழுப்பறையை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். வெளிச்சத்தில் திருப்பினார். பிறகு அவர் முன்னால் நீட்டினார்.

"பெருசா எழுதக் கூடாதா? எனக்குத் தெரிய வேண்டாமா?"

ஐந்து நாளுக்குப் பிறகு அவரிடம் சொன்ன முதல் வார்த்தை. பட்டன் சார் எல்லாச் சீட்டுகளையும் கிழித்துவிட்டு, தடித்த பேனாவால் மறுபடியும் எழுதினார். அன்று சாயங்காலம் ஒரே இருக்கையில் போனார்கள். சமாதானமாகிவிட்டார்கள் என்று எழுத ஆசைதான். ஜன்னலோரம் யாருக்கு என்று தகராறு நடந்தது எனக்கே கேட்டது.

7

பழைய பெல்ட் வெளியே வந்த நாளுக்காக நான் காத்திருந்தேன். கதைக்கு அது முக்கியம். நான் வேண்டியது ஒரு வெடிப்பு. ஒரே ஒரு மயிரிழை போதும். மாஸ்டரம்மா அதை விரலில் மாட்டி, பின்பக்கமாக வளைத்து, விளக்கடியில் பல் பல்லாக நகர்த்தினார். நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.

ஒன்றுமில்லை. நேற்று வாங்கினது மாதிரி இருந்தது.

பட்டன் சார் நிமிர்ந்தார். "அப்ப இன்னும் நாலு மாசம் ஓடியிருக்கும்."

"ஓடியிருக்கலாம். நாலு வருஷம்கூட ஓடியிருக்கலாம். ஞாயித்துக்கிழமையே போயிருக்கலாம்." மாஸ்டரம்மா பெல்ட்டை அவர் கையில் போட்டார். "பாத்துத் தெரிஞ்சுக்க முடியும்னா, எதுக்கு சார் தேதி போடறாங்க?"

அவர் அதை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். நான் சொன்னேன், "கதையில ஒரு வெடிப்பு போட்டுக்கட்டுமா? சின்னதா?"

"போடு. அப்புறம் இவர் புஸ்தகத்தைத் தூக்கிட்டு வந்து, எழுத்துல இருக்குன்னு சொல்வார்" என்றார் டீச்சர்.

போடவில்லை.

8

இனி முடிவு. பத்திரிகை ஆசிரியர் இரண்டு யோசனை சொன்னார். ஒன்று, மாற்றிய பெல்ட்டும் ஏதோ காரணத்தால் மலையுச்சியில் அறுந்துபோகிறது. விதி என்றார். மாஸ்டரம்மாவிடம் இதைச் சொன்னேன். "அவரைப் பட்டறைப் பக்கம் வரச் சொல்லுங்க, விதின்னா என்னன்னு காட்டறேன்" என்றார். இரண்டு, கண் பரிசோதனையில் டீச்சர் அதிசயமாகத் தேறிவிடுகிறார். இதை டீச்சரிடம் சொன்னேன். "நானா இருந்தா என்னை ஃபெயில் பண்ணிடுவேன். இன்னிக்கு இல்ல. ஆனா பண்ணிடுவேன்" என்றார். பரிசோதனை முடியும்வரை காத்திருந்து எழுதுங்களேன் என்றார் ஆசிரியர். மாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டார். சரியான காரணம் இருந்தது, வாயில் வரவில்லை. இப்போதும் வரவில்லை.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். அறுபது நாள் என்றது இருபத்து மூன்று நாளில் முடிந்தது. ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மாஸ்டரம்மா இன்ஜினை ஓடவிட்டு, குனிந்து காதைக் கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். பட்டறை முழுக்க அதிர்ந்தது. என் பல் அதிர்ந்தது. ஒரு நிமிடம் கழித்து நிமிர்ந்து, "போங்க" என்றார்.

காரில் இரண்டே இருக்கை. நான் கூடப் போக வழியில்லை. சும்மா கேட்டுப் பார்த்தேன், டீச்சர் சிரித்தார்.

கார் தரையோடு தரையாக இருந்தது. பட்டன் சார் ஒரு காலை உள்ளே வைத்து, இன்னொரு காலை என்ன செய்வதென்று தெரியாமல் நின்று, கடைசியில் மாஸ்டரம்மா தள்ளிவிட உள்ளே விழுந்தார். டீச்சர் உட்கார்ந்து, கண்ணாடிகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்தார். மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வரிசையிலேயே. பிறகு அவரைப் பார்த்தார்.

"உங்க பக்கத்தை நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

"எனக்கு ஓட்டத் தெரியாதே."

"ஓட்டவா சொன்னேன்? பாத்துச் சொல்லுங்க."

பட்டன் சார் கழுத்தைத் திருப்பி ஜன்னல் வழியாகத் தெருவை மிகக் கவனமாகப் பார்த்தார். ஒரு சைக்கிள் போகும்வரை காத்திருந்தார். "சைக்கிள் போயிடுச்சு. ஒரு நாய் நிக்குது. அதுவும் உக்காந்துடுச்சு. இப்ப போகலாம்."

போனார்கள்.

மாஸ்டரம்மா உள்ளே திரும்பினார். வேறொரு வண்டி காத்துக்கொண்டிருந்தது. திரும்பி வர எப்படியும் நாலு மணியாகும் என்றார். எனக்குப் பதினொன்றரைக்குப் பேருந்து. மின்சாரச் சீப்பு ஒன்றின் கையேட்டை அன்றைக்கே கொடுத்தாக வேண்டும். இரண்டு முறை சரிபார்த்துத்தான் கொடுப்பேன். அதனால் நான் கிளம்பிவிட்டேன்.

நீங்கள் வேண்டுமானால் இருங்கள். கேட்டை ஒட்டி ஒரு ஸ்டூல் இருக்கிறது, ஒரு கால் கொஞ்சம் குட்டை, பார்த்து உட்காருங்கள். தெருவையே வெறித்துக்கொண்டிருக்க வேண்டாம். சத்தம்தான் முதலில் வரும்.